வாசல்ல வைக்க 3 அடிக்கு மேல போகாத பூச்செடி ஒன்னு வேணும் (ஹட்டன் பக்கம்)

லயத்துப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஹட்டனுக்கு கிட்ட ஒரு தேயிலத் தோட்டத்துல இருக்கோம். போன வருசம் தான் லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) இருந்து புது வீட்டுக்கு வந்தோம், 7 பேர்ச்சஸ் காணி, அதுல வீடு, தண்ணி டேங்க், பின்னுக்கு அம்மாவோட மரக்கறி பாத்தி எல்லாம் போக முன்னுக்கு மிஞ்சினது 9 அடி நீளம் 4 அடி அகலம் ஒரு துண்டு மண்ணு. அதுக்கு நேரா மேல ஜன்னல், ஜன்னல் கட்டை தரையில இருந்து மூன்றரை அடி. அம்மா ரிட்டயராகி இப்ப அந்த ஜன்னல்ல உக்காந்து தான் ரோட்ட பாக்கிறாங்க, அதனால ஒசந்து வளர்ற எதுவும் சரிவராது. என் பொடியனுக்கு 3 வயசு, முள்ளுள்ளதும் வேணாம். வருசம் பூரா பூக்கலைனாலும் பரவாயில்ல, எல கொட்டி மொட்டையா நிக்காம இருந்தா போதும். பூவ எடுத்து சாமிக்கு வைக்க ஏலும்னா அம்மாவுக்கு இன்னும் சந்தோசம். ஒரு செடி சொல்லுங்கன்னு கேட்டா ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க, அதான் இங்க வந்தேன்.

பதுளைப்பையன்:
இட்லிப்பூ வைங்க அக்கா. செவப்பு, மஞ்சள், ரோசா நெறம்னு எல்லாம் இருக்கு, குட்ட ரகம் ரெண்டு அடிக்கு மேல போகாது. எங்க வீட்டு வாசல்ல வரிசையா வச்சிருக்கோம், வருசம் பூரா பூக்குது, சாமிக்கும் வைக்கலாம். வேற ஒன்னும் யோசிக்காதீங்க.

குளிர்க்காரன்_நுவரெலியா:
தம்பி பதுளைன்னா 2200 அடி சொச்சம், ஹட்டன் 4000 தாண்டிரும். இட்லிப்பூ சூடு கேக்கிற செடி. அங்க வச்சா சாகாது, ஆனா கோவிச்சிக்கிட்ட மருமக மாதிரி வளரவும் வளராம பூக்கவும் பூக்காம அப்பிடியே மூலையில நிக்கும், மே மாசம் மழை புடிச்சி செப்டெம்பர் வரைக்கும் ஈரமும் மூடுபனியுமா கெடந்தா எலயில கருப்பு புள்ளி வேற. மலநாட்டுல செடி கேக்கிறவங்ககிட்ட மொதல்ல எத்தன அடி ஒசரம்னு கேக்கணும், அப்புறம் தான் பேரு சொல்லணும்.

தங்கச்சி, நாலு விசயம் சொல்லுங்க. வீட்டு முகம் எந்தப் பக்கம்? வெயில் எத்தன மணிக்கு வந்து எத்தன மணிக்கு போகுது? கூரத்தண்ணி எங்க விழுது? அந்த மண்ணு யாரு போட்டது, அடியில என்ன கெடக்கு? கடைசி கேள்வி தான் முக்கியம்.

மஸ்கெலியா_டூ_கொழும்பு:
போகன்வில்லா. பேச்சே இல்ல.

அட்டைக்கடி:
முள்ளு வேணாம்னு அக்கா எழுதியிருக்காங்களே, வாசிக்கிறதில்லையா? கொழும்புல இருந்தா மலயில மழை பெய்றது மறந்துருமா? இங்க அத வச்சா கூரைய தாண்டி எலையா போகும், பூவ தேடி டோர்ச் அடிக்கணும்.

மஸ்கெலியா_டூ_கொழும்பு:
சரி சரி, கோவப்படாத மச்சான் 😂

லயத்துப்பொண்ணு:
குளிர்க்காரண்ணே, வீடு கெழக்கு முகம். காலைல 7 மணிக்கெல்லாம் வெயில் வந்துரும், 11 மணிக்கு மேல வீட்டு நிழல் விழுந்துரும், மத்தியானம் பாதி நாள் மூடுபனி தான். கூரத்தண்ணி செவுத்துல இருந்து ரெண்டு அடி தள்ளி விழுது, தண்ணிய புடிச்சி விடுற பீலி இன்னும் போடல, சல்லி பத்தல. மண்ணு கேட்டீங்க... அத சொல்ல வெக்கமா இருக்கு. வீடு கட்டின பாஸ்மார் மிச்ச சாந்து, ஒடஞ்ச பிளாக் கல்லு, சீமெந்து பேக் காகிதம் எல்லாத்தையும் முன்னுக்கு கொட்டி மேல ஒரு முக்கா அடி செம்மண்ணு போட்டு மூடிட்டு போனாங்க. பக்கத்து வீட்டு அக்கா ஹைட்ரேஞ்சியா கம்பு ஒன்னு தந்தாங்க, ஊனினேன், வேர் புடிச்சிருச்சி, ஆனா எல மஞ்சளாகுது, நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. உரம் பத்தலைன்னு நெனச்சி அம்மா அடுப்பு சாம்பல் போட்டாங்க, இன்னும் மோசமாச்சி.

ரிட்டயர்டீச்சர்_ஹப்புத்தளை:
மகள், இந்த மஞ்சள் எல கதைய என்கிட்ட கேளுங்க. எங்க வீட்டுக்கு முன்னுக்கு ஹைட்ரேஞ்சியா ஒரே கம்புல இருந்து வெட்டி ஊனின ரெண்டு செடி இருக்கு. ஒன்னு செவுத்தோரம், ஒன்னு தேயில வேலியோரம். வேலியோரத்து செடி நீலமா பூக்குது, செவுத்தோரம் ரோசா நெறம். என் பேத்தி ரெண்டும் வேற வேற ஜாதின்னு அடம்புடிச்சா, ஒரே தாய்ப்புள்ளைங்கன்னு சொன்னா நம்பவே இல்ல. காரணம் மண்ணுல புளிப்பு. தேயில மண்ணு புளிப்பான மண்ணு, அதுல இருக்கிற அலுமினியம் கரைஞ்சி வேர் வழியா பூவுக்கு போகும், நீலமாகும். செவுத்தோரம் சாந்துல இருக்கிற சுண்ணாம்பு அந்தப் புளிப்ப கொன்னுரும், அலுமினியம் மண்ணுலயே கட்டிப்போயிரும், பூ ரோசாவாகும். ஆக உங்க செடி உரத்துக்கு அழல, சுண்ணாம்புக்கு அழுது. சாம்பலும் சுண்ணாம்பு குணம் தான், அதான் இன்னும் மோசமாச்சி.

எனக்கு கேட்டா ஹைட்ரேஞ்சியாவே போதும். மண்ண சரிபண்ணுங்க, மலநாட்டு வாசலுக்கு அத விட லட்சணமான பூ இல்ல.

குளிர்க்காரன்_நுவரெலியா:
டீச்சர் சொன்ன காரணம் நூத்துக்கு நூறு சரி. எல மஞ்சளா நரம்பு பச்சையா இருந்தா அது இரும்புச் சத்து குறைச்சல், மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, சுண்ணாம்பு அத வேருக்கு எட்ட விடல. இந்தப் பக்கம் புது வீட்டு வாசல்ல செடி செத்தா முக்கால்வாசி காரணம் பாஸ்மார் பொதச்ச சாந்து தான், நான் 12 வருசமா தோட்டவேல செய்றேன், மண்வெட்டி போட்ட ஒடனே டங்குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்தச் சத்தம் கேட்டு கேட்டு காது பழகிப்போச்சி.

ஆனா முடிவுல தான் எனக்கு டீச்சரோட ஒத்துப்போகல, கோவிச்சிக்காதீங்க. ஹைட்ரேஞ்சியா சாதாரண ரகம் 4, 5 அடி ஒசரம் போகும், அகலமும் அதே அளவு. தங்கச்சிக்கு இருக்கிறது 4 அடி அகலப் பாத்தி, மழை பெஞ்சா அந்தப் பந்து பந்து பூவெல்லாம் தண்ணி குடிச்சி நடபாதையில தலைய கவுத்து கெடக்கும், ஆளு நடக்க ஏலாது. ஒசரத்த கொறைக்கலாம்னு நெனச்ச நேரத்துல வெட்டினா அடுத்த பூவும் போச்சி, ஏன்னா அது பழைய கம்புல தான் மொட்டு கட்டும்.

நான் சொல்றது அசேலியா. அதுலயும் சின்ன எல ரகம், குரூமேன்னு சொல்ற ஜப்பான் ஜாதி. மெதுவா தான் வளரும், ரெண்டரை மூணு அடியில அதுவா நின்னுரும், அகலமும் அவ்வளவு தான். எல கொட்டாது. பூக்கிற நேரம் எலையே தெரியாது. காலை வெயில், மத்தியானம் நிழல், மூடுபனி, புளிப்பு மண்ணு, இது நாலும் தான் அது கேக்கிறது, நாலும் உங்க வாசல்ல ஓசியில கெடைக்குது, சாந்த தவிர. 9 அடிக்கு மூணு செடி, 3 அடிக்கு ஒன்னா. அதுக்கு மேல ஒன்னு கூட வேணாம், கன்னா இருக்கும்போது எடம் காலியா தெரியும், அதப் பாத்து ஏமாந்து அஞ்சாறு வச்சிராதீங்க.

ரிட்டயர்டீச்சர்_ஹப்புத்தளை:
கோவம் எல்லாம் இல்ல. ஆனா 40 வருசமா ஹைட்ரேஞ்சியா வளக்கிறவகிட்ட அது கவுந்து விழும்னு சொல்றீங்க பாருங்க 🙂 பூத்து முடிஞ்ச ஒடனே பூவுக்கு கீழ ரெண்டு கணு விட்டு வெட்டினா ஒரு பூவும் போகாது. வெட்டத் தெரியாதவங்களுக்கு தான் எல்லாம் கஷ்டம்.

குளிர்க்காரன்_நுவரெலியா:
வெட்டத் தெரியும் டீச்சர், அகலத்துக்கு என்ன செய்ய?

ரிட்டயர்டீச்சர்_ஹப்புத்தளை:
அது சரி தான். 4 அடி பாத்திக்கு கொஞ்சம் பெருசு, ஒத்துக்கிறேன். எங்க வாசல் பெருசு.

அட்டைக்கடி:
ஒரு விசயம் சொல்லாம போகாதீங்க. அசேலியா எல, பூ, தேன் எல்லாமே நஞ்சு. எங்க பக்கம் ஒரு வீட்டு ஆடு கயிற அத்துக்கிட்டு போய் வேலியில இருந்த அசேலியாவ மேஞ்சிட்டு வந்து நொர தள்ளி வாந்தி எடுத்திச்சி, ஆடு வாந்தி எடுத்து பாத்திருக்கீங்களா, நான் அன்னைக்கி தான் பாத்தேன். பொழச்சிருச்சி. ஆனா 3 வயசு பொடியன் இருக்கிற வீடு, யோசிச்சி வைங்க.

லயத்துப்பொண்ணு:
ஐயோ. எங்க பக்கத்துல மூணு வீட்ல ஆடு இருக்கு. பொடியன் மண்ண தின்ற பருவம் தாண்டிட்டான், ஆனாலும் பயமா இருக்கே. அப்ப ஹைட்ரேஞ்சியா பரவாயில்லையா?

அட்டைக்கடி:
அதுவும் வயித்துக்கு ஆகாது அக்கா. அரளி, ஊமத்த மாதிரி தொங்குற பெரிய வெள்ளப்பூ, கோல்டன் டுரன்டா பழம், எல்லாம் அந்தக் கணக்கு தான். நஞ்சில்லாத பூச்செடின்னு பாத்தா செவ்வரத்தை, ரோசா, ஃபுக்ஷியா, கமேலியா.

மஸ்கெலியா_டூ_கொழும்பு:
நான் சீரியஸா ஒன்னு சொல்லவா. 3 அடிக்கு மேல போகக்கூடாது, எல கொட்டக்கூடாது, முள்ளு இருக்கக்கூடாது, நஞ்சு இருக்கக்கூடாது, மழைய தாங்கணும், புளிப்பு மண்ணு புடிக்கணும், வெள்ளப்பூ பூக்கணும், சல்லி செலவில்லாம கெடைக்கணும். இவ்வளவும் இருக்கிற ஒரே செடி உங்க வீட்டுக்கு பின்னுக்கு மலை மலையா நிக்குது. தேயில தான்! 😄

பதுளைப்பையன்:
ஹாஹா உண்மையிலயே எல்லாம் பொருந்துதே

லயத்துப்பொண்ணு:
இத அம்மாகிட்ட வாசிச்சி காட்டினேன். மொதல்ல சிரிச்சாங்க, அப்புறம் சத்தமே இல்ல. "31 வருசம் காலைல கண்ண முழிச்சதும் அது முகத்துல தான். இப்ப தான் ஜன்னல தொறந்தா ரோடு தெரியுது. அத கொண்டாந்து வாசல்ல வச்சீங்கன்னா நான் பின் கதவால தான் போவேன் வருவேன்"ன்னுட்டாங்க. அதனால தேயில கேன்சல்.

மஸ்கெலியா_டூ_கொழும்பு:
அம்மாகிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க. எங்க அம்மாவும் அப்பிடித் தான் சொல்லியிருப்பாங்க, யோசிக்காம எழுதிட்டேன்.

குளிர்க்காரன்_நுவரெலியா:
தேயிலயும் 3 அடி செடி இல்ல, கவ்வாத்து வெட்டி வெட்டி 3 அடியில வச்சிருக்கோம். கைவிட்ட மலைகள்ல போய் பாருங்க, 20 அடி 30 அடி மரமா நிக்கும். வாசல்ல வச்சா ரிட்டயரான அம்மாவுக்கு திரும்ப வேல குடுத்த மாதிரி ஆயிரும்.

கமேலியா ஒருத்தர் சொன்னாரு, அது தேயிலையோட சொந்தத் தங்கச்சி, ஒரே குடும்பம் ஒரே ஜாதி. எல கொஞ்சம் தடிப்பு, பளபளன்னு இருக்கும், பூ ரோசா மாதிரி அடுக்கு. நஞ்சில்ல. மெதுவா வளரும், வெட்டி அடக்கலாம். ஆனா வெட்டாம விட்டா ஆளுயரம் தாண்டும், அத விட பெரிய பிரச்சன, எலய பாத்தா அம்மா கண்டுபுடிச்சிருவாங்க.

லயத்துப்பொண்ணு:
கண்டுபுடிக்கிறதா? ஃபோட்டோ காட்டினேன், ஒரு செக்கன்ல "இது தேயில தானே, மினுக்கி வச்சிருக்கு"ன்னாங்க 😂

பதுளைப்பையன்:
செவ்வரத்தை?

குளிர்க்காரன்_நுவரெலியா:
நஞ்சில்ல, சாமிக்கும் வைக்கலாம், ஆனா அதுவும் சூடு கேக்கும், 6 அடிக்கு போகும். ரோசாவுக்கு முள்ளு, போதாததுக்கு ஹட்டன் மழையில எலயில கரும்புள்ளி வந்து கீழ் எல எல்லாம் கொட்டி கம்பா நிக்கும். ரோசா வளக்கணும்னா வெலிமட, பண்டாரவள பக்கம் போகணும், அங்க நம்மளுக்கு மழை கொட்டுற மாசத்துல அவங்களுக்கு காஞ்ச காத்து.

ரிட்டயர்டீச்சர்_ஹப்புத்தளை:
அந்தக் காத்த பத்தி பேசாதீங்க. கச்சான் காத்து அடிச்சா எங்க பக்கம் ஜூலையில கூரத் தகரமே எழும்பி நிக்கும், ஃபுக்ஷியா வச்சி மூணு தடவ தோத்துட்டேன். ஜிமிக்கி மாதிரி தொங்குற பூ, ஆசப்பட்டு வச்சேன், மென்மையான கம்பு, மூணு நாள்ல ஒடிஞ்சி போச்சி. ஹட்டன்ல காத்துக்கு மறைவா இருந்தா நல்லா வரும்னு நெனக்கிறேன் மகள். ஆனா அதுக்கு ஒரு ஒழுங்கு கெடையாது, அங்கிட்டும் இங்கிட்டும் கம்பு நீட்டும், வாசலுக்கு அழகா உருண்டையா நிக்காது.

தவறணைத்தம்பி:
வணக்கம், நான் ஒரு தோட்டத்துல தவறணையில வேல செய்றேன். (யாழ்ப்பாணத்து ஆக்கள் சிரிக்க வேணாம், எங்க பக்கம் தவறணைன்னா தேயில நாத்து வளக்கிற எடம், கள்ளுக்கடை இல்ல 😅)

நஞ்சுன்னு எல்லாரும் பயப்படுத்துறீங்க, அசேலியா எல கசப்பு, பிள்ளைங்க வாயில வச்சாலும் துப்பிரும், ஆனாலும் ஆபத்து ஆபத்து தான், மறைக்கக்கூடாது. நான் என்ன சொல்றேன்னா அக்கா வீட்டுக்கு கேட்டும் வேலியும் இருந்தா ஆடு உள்ளுக்கு வராது. வெட்டின கம்பு எலய ரோட்டுல வீசாம பொதச்சிரணும், ஆடு திங்கிறது பெரும்பாலும் வீசின கொப்பத் தான். பொடியன்கிட்ட ஒரு தரம் சொல்லி வைங்க. இதெல்லாம் செய்ய ஏலும்னா அசேலியாவே வைங்க. ஏலாதுன்னா குட்டியா குஃபியா வைங்க, சின்ன சின்ன கத்தரிப்பூ நெறத்துல பூக்கும், ஒன்னரை ரெண்டு அடி தான், நஞ்சும் இல்ல. ஆனா அது வேலி ஓரத்துக்கு சரி, ஜன்னலுக்கு கீழ தனியா நின்னு பாக்க ஒரு பூன்னு சொல்ல ஏலாது.

கன்னு காசு குடுத்து வாங்கவும் வேணாம். தேயில கம்பு போடுறமே, அதே வேல தான். பென்சில் மாதிரி முத்தின கம்பு வேணாம், நுனி பச்சையும் இல்லாம அடி மரமும் இல்லாம நடுத்தரமா இருக்கிற கொழுந்து கம்பு, 3 இல்லாட்டி 4 அங்குலம். கீழ் எலய கிள்ளிட்டு மேல நாலஞ்சி எல விடுங்க. உரம் கலக்காத அடிமண்ணுல பாதிக்கு ஆத்துமணல் கலந்து சின்ன பொலித்தீன் பேக்ல போட்டு ஊனி, மேல வெள்ள பொலித்தீன் ஒன்ன கூடாரம் மாதிரி கட்டி நெழல்ல வைங்க. ரெண்டு மாசம் தொறந்து தொறந்து இழுத்து பாக்காம இருந்தா வேர் புடிக்கும். ஹைட்ரேஞ்சியான்னா மூணு நாலு வாரத்துலயே வந்துரும், அசேலியாவுக்கு தான் பொறும வேணும்.

அட்டைக்கடி:
இழுத்து பாக்கிறது தான் நம்ம ஆக்களோட தேசிய நோய்.

குளிர்க்காரன்_நுவரெலியா:
தம்பி நல்லா சொன்னாரு. நடுற மொறைய நான் சொல்றேன், இத மட்டும் அப்பிடியே செய்ங்க தங்கச்சி.

பாத்தி முழுக்க ஒன்னரை அடி தோண்டி சாந்து, கல்லு எல்லாம் வெளிய எடுங்க. சும்மா செடிக்கு மட்டும் குழி வெட்டி நல்ல மண்ணு போட்டீங்கன்னா மழை பெஞ்சதும் சுத்தியிருக்கிற சுண்ணாம்புத் தண்ணி குழிக்குள்ள வந்து நிக்கும், ஒரு வருசத்துல திரும்ப அதே மஞ்சள். எடுத்த எடத்துல தேயில மலை மண்ணு மாதிரி சுத்தமான செம்மண்ணும் மக்கின எலயும் பாதிக்கு பாதி. சவுக்கு மரத்து சருகு, பைன் மர ஊசி எல நல்லா வேல செய்யும். அசேலியா வேர் மேலாக்க தான் ஓடும், கூந்தல் மாதிரி மெல்லிசு, ஆழமா நட்டா மூச்சு முட்டி செத்துரும். பேக்ல இருந்த மண்ணு மட்டம் தரைய விட ஒரு அங்குலம் ஒசந்து நிக்கிற மாதிரி நடுங்க, மேல சருகு போட்டு மூடுங்க, முள்ளு கரண்டி எதுவும் போட்டு கிளறக்கூடாது, புல்ல கையால தான் புடுங்கணும்.

சாம்பல், டொலமைட் (சுண்ணாம்பு குணமுள்ள கல்லுத்தூள்), முட்ட ஓடு, மூணும் அந்தப் பக்கமே வரக்கூடாது. அம்மாகிட்ட சொல்லுங்க, மலையில கவ்வாத்துக்கு டொலமைட் போடுவாங்கன்னு அதே பழக்கத்துல இதுக்கும் போட்றாதீங்கன்னு. மரக்கறி பாத்திக்கு தாராளமா போடட்டும்.

கூரத்தண்ணி ரெண்டு அடியில விழுதுன்னீங்க, பாத்தி நடு ரெண்டு அடி, அதாவது சரியா செடி தலையில கொட்டும். ஒன்னு பீலி போடணும், இல்லாட்டி செடிய செவுத்துல இருந்து ரெண்டரை அடிக்கு தள்ளி நடணும். பீலி போடுறது தான் நல்லது, கூரத்தண்ணி அந்த மண்ண கரைச்சிக்கிட்டு போகாம கானுல சேரும், வீட்டு அத்திவாரத்துக்கும் அதே நல்லது.

பதுளைப்பையன்:
அண்ணே காட்டுல செவப்பா பூக்குமே மகா ரத்மல்னு, ஹோர்ட்டன்பிளேன்ஸ்ல பாத்தேன், அதுவும் அசேலியா தானா? அதோட கன்னு ஒன்னு கெடைச்சா எவ்வளவு கெத்தா இருக்கும்.

குளிர்க்காரன்_நுவரெலியா:
ஒரே குடும்பம், ரொடோடென்ட்ரோன். அசேலியா தம்பி, மகா ரத்மல் பெரியண்ணன், அது மரம், ஜன்னலுக்கு கீழ வச்சா பேரன் காலத்துல கூரைய தூக்கும். அதோட காட்டுல இருந்து புடுங்குறது குற்றம், நெனக்கவும் வேணாம். பாக்க ஆசைன்னா ஹக்கல தாவரவியல் தோட்டத்துக்கு போங்க. 1861ல சிங்கோனா மரம் போட்டு பாக்க ஆரம்பிச்ச எடம், மலேரியாவுக்கு மருந்து எடுக்கிற பட்டைக்காக. பூ வாங்குறதுக்கு முன்ன எல்லாரும் ஒரு தரம் அங்க போய் எந்தச் செடி வளந்தா எவ்வளவு பெருசாகுதுன்னு கண்ணால பாத்துட்டு வந்தா, பாதிப் பேர் வாங்க நெனச்சத வாங்க மாட்டாங்க. கடையில எல்லாமே ஒரு அடி தானே.

லயத்துப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முடிவு பண்ணிட்டோம், அசேலியா மூணு. இந்த சனிக்கிழம தம்பிமார் ரெண்டு பேர் வந்து தோண்டுறாங்க. ஹைட்ரேஞ்சியாவ புடுங்கி ஒரு பழைய வாளியில போட்டு பின்னுக்கு வச்சிட்டேன், டீச்சர் கோவிச்சிக்கக்கூடாதுன்னு 😊

ரிட்டயர்டீச்சர்_ஹப்புத்தளை:
வாளிக்கு அடியில ஓட்ட போட்டீங்களா மகள்? அத சொல்லுங்க மொதல்ல. தண்ணி தேங்கினா வேரும் அழுகும், நுளம்பும் வரும்.

லயத்துப்பொண்ணு:
போட்டேன் டீச்சர், நாலு ஓட்ட.

(அஞ்சி மாசம் கழிச்சி)

லயத்துப்பொண்ணு:
திரும்ப வந்துட்டேன். மொதல்ல நல்ல செய்தி. தோண்டினதுல சாந்தும் கல்லும் ஒன்பது வாளி வந்திச்சி, ஒரு ஒடஞ்ச மட்டப்பலகையும் கெடைச்சிச்சி. பீலிய அரைவாசி தான் போட்டோம், ஜன்னல் பக்கம் மட்டும். மூணு செடியும் உயிரோட இருக்கு, எல கரும்பச்ச, மஞ்சள் இல்ல. பின்னுக்கு வாளியில இருக்கிற ஹைட்ரேஞ்சியா நீலமா ஒரு பூ வச்சிருக்கு டீச்சர்!

இப்ப ரெண்டு சந்தேகம். ஒன்னு, நடுச்செடியில ரெண்டு மூணு எல தடிச்சி வீங்கி வெளிர் பச்சையா பணியாரம் மாதிரி ஆகி, மேல வெள்ள மாவு பூத்த மாதிரி இருக்கு. அம்மா பாத்துட்டு "தேயிலயில கொப்புளம் வருமே, அதோட சொந்தக்காரன் மாதிரி இருக்கு"ன்னாங்க. ரெண்டாவது அப்புறம் சொல்றேன்.

தவறணைத்தம்பி:
அக்கா, அம்மாவுக்கு ஒரு சல்யூட். சொந்தக்காரனே தான். தேயில கொப்புள நோய் கொண்டாற பூஞ்சணத்தோட ஒரே குடும்பத்துக் கிருமி தான் அசேலியாவுக்கு இத கொண்டாறது. நம்ம நாட்டு தேயிலைக்கு கொப்புளம் வந்தது 1946ல, அந்தக் காலத்து ஆக்கள் கதகதையா சொல்வாங்க. ஆனா இது செடிய சாகடிக்காது, பாக்க தான் அசிங்கம். வெள்ள மாவு பறக்கிறதுக்கு முன்ன வீங்கின எலய கிள்ளி பொதச்சிருங்க, இல்லாட்டி அடுப்புல போடுங்க. மருந்து அடிக்க தேவையில்ல. மழை கொறஞ்சா அதுவா போயிரும்.

லயத்துப்பொண்ணு:
சரி தம்பி, கிள்ளிட்டேன். ரெண்டாவது விசயத்துக்கு வாறேன். கிள்ளுறத பத்தி தான். மூணு செடியும் எதிர்பாத்தத விட நல்லா கொத்தா அடர்த்தியா வந்திச்சி, நான் உரத்துனாலன்னு நெனச்சேன். போன வாரம் காலைல எழும்பி வந்து பாத்தா அம்மா ஜன்னல்ல இருந்து கைய வெளிய விட்டு அசேலியா நுனி எல்லாத்தையும் டக்கு டக்குன்னு கிள்ளிக்கிட்டு இருக்காங்க. ரெண்டு எலையும் ஒரு மொட்டும். என்னம்மா பண்றீங்கன்னா, "கை சும்மா இருக்க மாட்டேங்குது, பாரு எப்பிடி மட்டமா இருக்கு"ங்கிறாங்க. எட்டி பாத்தேன், மட்டக்கம்பு வச்சி அளந்த மாதிரி மூணும் ஒரே மட்டம். ரோட்டுல போறவங்க எல்லாம் நின்னு பாத்துட்டு போறாங்க. செடிக்கு ஒன்னும் ஆகாதா அண்ணே?

குளிர்க்காரன்_நுவரெலியா:
சிரிச்சி முடியல தங்கச்சி. ஆகாது, சொல்லப்போனா சின்ன செடிக்கு அதைத் தான் செய்யணும், நுனிய கிள்ளினா ஒரு கம்பு ரெண்டு மூணா வெடிச்சி அடர்த்தியாகும், கூலி குடுத்து செய்ய வேண்டிய வேல. ஆனா இதோட நிப்பாட்டணும். இனி வர்ற கொழுந்து தான் நுனியில பூ மொட்டு கட்டும், அதையும் கிள்ளிட்டா பச்சையா வட்டமா நிக்கும், பூ ஒன்னும் இருக்காது. இனி அடுத்த பூ பூத்து முடிஞ்சதுக்கு அப்புறம் தான் கை வைக்கலாம்.

லயத்துப்பொண்ணு:
அத நீங்களே சொல்லுங்கண்ணே, நம்பர உள்பெட்டியில அனுப்புறேன். நான் சொன்னா 31 வருச சர்வீஸ எடுத்து முன்னுக்கு வைக்கிறாங்க.

அட்டைக்கடி:
அக்கா ஒன்னே ஒன்னு கேக்கணும். அம்மாவுக்கு பேர் (கொழுந்து பறிச்ச நாளுக்கு சம்பளக் கணக்குல போடுறது) போட்டீங்களா? முழுப்பேரா அரப்பேரா?

லயத்துப்பொண்ணு:
அரப்பேர்னு சொல்லிப்பாருங்க, இன்னைக்கி ராவைக்கு வீட்ல எனக்கு ரொட்டி கெடையாது. முழுப்பேர் தான் போட்டேன், மூணு செடிக்கு.